பத்தொன்பதாவது கிலோமீட்டர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தாறு. குருவுக்குத் தாடி கிடையாது, கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். சீடருக்குத் தொப்பை உண்டு. இரண்டு வருடமாக அது கரைந்துகொண்டு வருகிறது என்று அவர் சொல்லிக்கொள்வார்.

குருவின் பெயர் பெர்பெத்துவா. தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவர். நடக்கும் முன்பே நீந்தியவர் என்று ஊரில் பேச்சு. அவரைக் கேட்டால், "ஆறு வயசுல கத்துக்கிட்டேன். ரெண்டு தடவ நல்லா தண்ணி குடிச்சேன்" என்பார். டிரையத்லான் போட்டிக்கு ஒன்பது பேரைத் தயார் செய்துகொண்டிருந்தார். அந்த ஒன்பதில் எல்லாவற்றிலும் கடைசியாக வருகிறவர் சீடர் கோமதிநாயகம்.

துறைமுகத்துக்கு வரும் சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கிற ஒரு கம்பெனியில் இருபது வருடம் நாற்காலியிலேயே உட்கார்ந்தவர் அவர். ஒருநாள் மூன்றாவது மாடிக்குப் படியேறிப் போய், மேலே நின்றவரிடம் வந்த காரியத்தைச் சொல்லக்கூட மூச்சு வராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடியற்காலையில் கடற்கரைக்கு வந்தார்.

"நான் இந்தப் போட்டியை முடிப்பேனா கோச்?" இதுதான் முதல் நாள் கேட்ட கேள்வி.

பெர்பெத்துவா அவர் காலைப் பார்த்தார்.

"முதல்ல அந்த செருப்பக் கழட்டுங்க அண்ணாச்சி" என்றார்.

அந்தப் போட்டி என்னவென்று சொல்லிவிடுகிறேன். கடலில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக நீந்த வேண்டும். கரையேறி, ஈரத்தோடு சைக்கிளில் தொண்ணூறு கிலோமீட்டர். இறங்கி, இருபத்தோரு கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் எட்டரை மணி நேரத்துக்குள். எழுதினால் நாலைந்து வரிதான் வருகிறது, பார்த்தீர்களா? அங்கேதான் வம்பு. நாலு வரியில் அடங்குகிற எதையும் கேட்கிறவர்கள் லேசாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

லேசாக எடுத்துக்கொள்வதில் ஊரிலேயே முதல் ஆள் சங்கரபாண்டியன். கோமதிநாயகத்தின் அக்கா கணவர். முப்பத்திரண்டு வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். உலகத்திலுள்ள தூரத்தையெல்லாம் அவர் டிரைவர் சீட்டிலிருந்துதான் அளப்பார்.

"தொண்ணூறு கிலோமீட்டரா? அது ஒரு டீ தூரம்ல" என்பார்.

"சைக்கிள்ல அத்தான்."

"சைக்கிள்னா ரெண்டு டீ."

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால் அதற்கும் தயாராக ஒன்று வைத்திருப்பார். "திருச்செந்தூருக்கு வருசா வருசம் ஆயிரம் பேரு நடந்து போறான். கெழவி எல்லாம் போறா. அவளுக்கு யாரு மெடலு குடுத்தா?"

வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் கோமதிநாயகம் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டிருப்பார். ஆபீசில் சொல்லாதவர்களா? ஆனால் இவர் அத்தான். கோமதிநாயகத்துக்கு ஒன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத அக்கா வீட்டுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர் அவர். அன்றிலிருந்து சோறு போட்டதும், படிக்க வைத்ததும், மஞ்சள்காமாலையில் கிடந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடியதும் சங்கரபாண்டியன்தான். அந்த மனிதர் வாயிலிருந்து "பரவால்லடே" என்று ஒரு சொல் வந்தால் போதும். நாற்பத்தாறு வயதிலும் கோமதிநாயகத்துக்கு அது வேண்டியிருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, இருந்தாலும் வேண்டியிருந்தது.

போன வருடம் முதல் தடவையாகப் போட்டியில் இறங்கினார். கடலை எப்படியோ கடந்துவிட்டார். சைக்கிளில் எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. சைக்கிளை முடிக்க வேண்டிய நேரத்துக்கு நாலு நிமிடம் பிந்தி வந்தார். ஓட விடாமல் அங்கேயே நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு வளைகாப்பு வீடு. பந்தியில் நாற்பது பேர். சாம்பார் வாளி பாதி தூரம் வந்திருக்கிறது.

"நம்ம கோமதி பந்தயத்துக்குப் போனாம்லா" என்று சங்கரபாண்டியன் எல்லோருக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார். "நாலு நிமிசம் லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டானுவளாம். நான் முப்பத்திரண்டு வருசம் பஸ்ஸு ஓட்டிருக்கேன். நாலு நிமிசத்துக்கு எனக்கு ஒருத்தனும் மெமோ குடுத்ததில்ல!"

பந்தி முழுக்கச் சிரித்தது. கோமதிநாயகமும் சிரித்துவைத்தார். பாயசம் வருவதற்குள் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

இந்த வருடப் போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது, நீச்சல் முடிந்த ஒரு காலையில், அவர் குருவிடம் ஒரு கேள்வி கேட்டார். பெர்பெத்துவா மணலில் குந்தி உட்கார்ந்து ஒரு சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"கோச், இது எவ்வளவு கஷ்டம்னு வெளிய இருக்கறவங்களுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?"

"எதுக்குப் புரிய வைக்கணும்?"

"எல்லாருக்கும் வேண்டாம். ஒருத்தருக்கு."

பெர்பெத்துவா காற்றடிப்பதை நிறுத்தவில்லை.

"எங்க வீட்ல பதினோரு மெடல் இருக்கு அண்ணாச்சி. வீட்டுக்கு யாராச்சும் வந்தா எங்கம்மா அதைக் காட்டி, 'எம்புள்ள நல்லா நீந்துவா'ன்னு சொல்லுவாங்க. அடுத்த வீட்டுப் பிள்ள நல்லா வடை சுடுவான்னு சொல்லுவாங்கல்லா, அதே மாதிரி."

"உங்களுக்கு வருத்தமா இல்லையா?"

"வடை சுடுறதும் லேசு இல்ல."

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வளைகாப்பு வீட்டுக் கதையை முதன்முறையாகச் சொன்னார்.

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்பாங்க. சரிதான் கோச்."

"அவருக்கும் காய்ச்சல் வரணும்ங்கீங்களா?"

"ஐயோ, அவருக்கு அறுபத்தஞ்சு வயசு. ஓடவா முடியும்? அவருக்குப் புரிஞ்சா போதும். நான் முடிக்காட்டாக்கூட பரவால்ல."

காற்றடிக்கும் கை நின்றது. பெர்பெத்துவா முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார்.

"முடிக்காட்டாக்கூடவா?"

"முடிக்காட்டாக்கூட."

அவர் டயரை விரலால் அழுத்திப் பார்த்தார். போதும் என்று தோன்றியிருக்க வேண்டும். பம்பை மடக்கினார்.

"போன வருசம் அவரு எங்க நின்னு பாத்தாரு?"

"முடியற எடத்துல. பந்தல் போட்டிருந்தாங்கல்லா, அங்க."

"அங்க நின்னா என்ன தெரியும்? மாலை, மெடலு, போட்டோ, சிரிப்பு. கல்யாண வீட்டுக்குப் பந்திக்கு மட்டும் வந்துட்டுப் போற மாதிரி. கிளம்புற எடத்துல நின்னாலும் அப்படித்தான். எல்லாரும் குளிச்சு, தலை சீவி, பளிச்சுனு நிப்பாங்க. கஷ்டம் ரெண்டுலயும் கிடையாது. அது நடுவுல இருக்கு. நடுவுல ஒருத்தரும் வந்து நிக்கிறதில்ல."

"அதனால?"

"ஓட்டம் ஏழு ஏழு கிலோமீட்டரா மூணு சுத்து. உப்பு மூட்டை அடுக்குற பழைய கிட்டங்கிப் பக்கம் ஒரு திருப்பம் இருக்குல்லா. ஒவ்வொரு சுத்துலயும் அஞ்சாவது கிலோமீட்டர் அங்க வரும். உங்க அத்தானை அங்க உக்கார வைங்க. மூணு தடவை உங்களப் பாப்பாரு. அஞ்சு, பன்னெண்டு, பத்தொம்போது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஒண்ணே ஒண்ணு. பாக்கலாம், தொடக் கூடாது. நிழலுக்குக் குடை பிடிக்கக் கூடாது, தண்ணி குடுக்கக் கூடாது. போட்டிக்காரங்க வச்ச மேசைத் தண்ணி மட்டும்தான் குடிக்கலாம். வெளியாளு கை பட்டா அந்த நிமிசமே வெளியேத்திருவாங்க. தெளிவா சொல்லிக் கூட்டிட்டு வாங்க. வந்ததும் நானும் சொல்லுதேன்."

கோமதிநாயகம் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னார். சங்கரபாண்டியன் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"தொடக் கூடாதா? நான் எதுக்குல உன்னைத் தொடப் போறேன்? உனக்கென்ன காலு இல்லையா?"

"வெளையாட்டு இல்ல அத்தான். கை பட்டா ஒரு வருசம் போயிரும்."

"போடே. ஸ்டீரிங்கப் புடிச்ச கை இது. எங்க வைக்கணும், எங்க வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?"

பிப்ரவரி கடைசி ஞாயிறு. காலை ஆறு மணிக்குச் சங்கு ஊதினார்கள். நூற்றுச்சொச்சம் பேர் கடலுக்குள் ஓடினார்கள்.

அன்றைக்குக் கடல் கோமதிநாயகத்தின் மேல் பிரியமாக இருந்தது என்று சொல்ல முடியாது. முதல் மிதவையைத் தாண்டுவதற்குள் யாரோ ஒருவர் குதிகாலால் மூக்கில் உதைத்தார். இரண்டாவது மிதவையில் சொறிமீன் ஒன்று கழுத்தில் தடவிவிட்டுப் போனது. கழுத்து தீயாக எரிய, உப்புத்தண்ணீரை விழுங்கி, கக்கி, கைகளைப் போட்டுக்கொண்டே இருந்தார். கரையேறும்போது ஐம்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது. ஈரக் கையால் ஷூவின் நாடாவைக் கட்டவே மூன்று நிமிடம் ஆனது.

சைக்கிளில் திருச்செந்தூர் தாண்டி ஐந்து கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். போகும்போது காற்று முதுகில் தள்ளியது. அதை நம்பி ஏமாறக் கூடாது என்று குரு சொல்லியிருந்தார். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. ஆறுமுகநேரி தாண்டிய பிறகு தொடைகள் கல்லாகிவிட்டன. போன வருடத்தின் அந்த நாலு நிமிடத்தை நினைத்து நினைத்து மிதித்தார். கடைசியில் சைக்கிளை முடிக்கும் கோட்டை, நேரத்துக்குப் பதினோரு நிமிடம் முன்னாலேயே கடந்தார். அங்கே நின்றிருந்த பெர்பெத்துவா ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"ஷூ நாடா அவிழ்ந்திருக்கு" என்றார். அவ்வளவுதான்.

ஓட்டம் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. இரண்டரைக்குள் முடிக்க வேண்டும்.

ஐந்தாவது கிலோமீட்டரில் அத்தான் இருந்தார். மடக்கு நாற்காலி, கறுப்புக் குடை, மடியில் மிளகாய்ப்பொடி தூவிய வெள்ளரிப் பிஞ்சுகள். பக்கத்தில் மொபெட். பொங்கலுக்கு மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்க வந்தவர் போல வசதியாக அமர்ந்திருந்தார்.

"வாலே வா! திருச்செந்தூர் போனியே, முருகனைக் கும்பிட்டியா இல்லையா?"

கோமதிநாயகம் கையை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"என்னல ஓடுத? எங்க பஸ்ஸு பிரேக்டவுன் ஆனா இதவிட வேகமா தள்ளுவோம்!"

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கோமதிநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பத்தில் திரும்பினார். பார்த்துக்கொள்கிறேன், இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது.

எட்டாவது கிலோமீட்டரில் இடது கெண்டைக்கால் பிடித்தது. நின்று, நீவி, மறுபடி ஓடினார். பத்தாவதில் குடித்த தண்ணீர் வெளியே வந்தது. வியர்வை காய்ந்து முகமெல்லாம் உப்பாகப் பூத்திருந்தது. தொட்டால் உதிர்ந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் அத்தான் நாற்காலியில் இல்லை. எழுந்து நின்றிருந்தார். குடை மடக்கிக் கையில் இருந்தது. உச்சி வெயிலில் குடையை ஏன் மடக்கினார் என்று கோமதிநாயகத்துக்குத் தோன்றவில்லை. எதையும் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை.

"ஏல கோமதி" என்றார் சங்கரபாண்டியன். கேலி எதுவும் தொடர்ந்து வரவில்லை. கொஞ்சம் கழித்து, "இன்னும் எம்புட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"ஒம்போது."

"ஒம்போதா?"

கோமதிநாயகம் திரும்பிப் பார்க்காமல் போனார். முதுகுக்குப் பின்னால் மறுபடியும் "ஒம்போதா" என்று அத்தான் யாரிடமோ கேட்பது கேட்டது.

அதற்குப் பிறகு வந்த ஏழு கிலோமீட்டரை எப்படிச் சொல்வது? சொன்னாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு மின்கம்பம் வரை ஓடலாம் என்று முடிவு செய்வார். அது வந்ததும் இன்னொன்று. தார் ரோடு ஷூவுக்குள்ளேயே ஏறி வந்து சுட்டது. இரண்டு கட்டைவிரல் நகமும் கழன்றுவிட்டதை உணர முடிந்தது. ஒரு இடத்தில் வேப்பமரத்து நிழலில் படுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. அந்த நினைப்பு ரொம்ப நியாயமாகவும் பட்டது. நிழலைப் பார்க்காமல் கடந்தார். அழுகை வந்தது. யாரும் இல்லாத ரோடு என்பதால் கொஞ்சம் அழுதுகொண்டே ஓடினார். அதை ஓட்டம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அது நடை.

பத்தொன்பதாவது கிலோமீட்டர் பலகை தெரிந்தபோது மணி இரண்டு. இன்னும் இரண்டு கிலோமீட்டர், முப்பது நிமிடம். நடந்தாலே போதும். முடித்துவிட்டோம் என்று நெஞ்சு சொன்னது. கால் அதைக் கேட்டுவிட்டது போலிருக்கிறது. இரண்டு கெண்டைக்காலும் ஒரே நேரத்தில் முறுக்கிக்கொண்டன. முழங்கால் மடங்கி, கையை ஊன்றி, ரோட்டில் நாலு காலில் நின்றார்.

வலி. ஆனால் வலி அவருக்குப் புதிதில்லை. இரண்டு வருடமாகப் பழகிய ஆள்தான். ஐந்து தடவை மூச்சை இழுத்துவிடு, கால் விரலை மேலே இழு, ஒரு காலை ஊன்று, எழுந்திரு. குரு நூறு தடவை செய்யவைத்தது. ஒன்று எண்ணினார். இரண்டு எண்ணினார்.

மூன்று எண்ணுவதற்குள் அக்குளில் இரண்டு கை நுழைந்தது.

"எய்யா! எய்யா கோமதி! என்னப் பெத்த ஐயா!"

"அத்தான், விடுங்க."

"விடவா? எப்படில விடுவேன்?"

"அத்தான்! தொடாதீங்க! விடுங்க அத்தான்!"

சங்கரபாண்டியன் காதில் எதுவும் விழவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தி, தன் தோளில் சாய்த்து, மொபெட்டில் மாட்டியிருந்த தூக்குவாளி மோரைத் தலையிலும் வாயிலுமாகக் கொட்டி, துண்டால் முகத்தைத் துடைத்தார். செருப்பு நாற்காலியடியிலேயே கிடந்தது. கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட நடுவர். முப்பது வயதுகூட இருக்காது. இறங்கி வந்தவர் முகம் வாடியிருந்தது.

"சார், வெளியாளு தூக்கிட்டாங்க. சாரி சார்."

நடுவர் அவர் மார்பில் குத்தியிருந்த போட்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். கோமதிநாயகத்தின் கணுக்காலில் கட்டியிருந்த நேரக் கருவியைக் குனிந்து கழற்றினார்.

அப்போதுதான் சங்கரபாண்டியனுக்குத் தாம் செய்தது உறைத்தது. உறைத்ததும் அவருக்குக் கோபம் வந்தது. வயதானவர்களுக்கு அப்படித்தான், பயமும் வெட்கமும் கோபமாகத்தான் வெளியே வரும்.

"என்னல எழுதுத? யாருன்னு நெனச்சே இவன? காலம்பற ஆறு மணிக்குக் கடல்ல குதிச்சான்ல! ரெண்டு கிலோமீட்டர் கடலு! உங்க அப்பன் நீந்துவானால? கழுத்தப் பாரு, சொறிமீனு பொசுக்கிருக்கு. ஏறி, நனைஞ்ச துணியோட திருச்செந்தூரத் தாண்டிப் போயிட்டு வந்திருக்கான். தொண்ணூறு கிலோமீட்டர்! பஸ்ஸுல இல்ல, சைக்கிள்ல, இந்தக் காத்துல! இந்தக் காத்துல பஸ்ஸே இழுக்கும்ல, எனக்குத் தெரியாதா? அதுக்கு மேல பத்தொம்போது கிலோமீட்டர் இந்த வெயில்ல ஓடிருக்கான். மனுசன் செய்யற காரியமால இது? செத்துருவான்ல! இவன வெளியேத்துவியோ நீ?"

நடுவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "எனக்குத் தெரியும் ஐயா. நானும் ஓடியிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். குறித்த எண்ணை அழிக்கவில்லை.

கடற்கரையில் மருத்துவப் பந்தல். மூன்று மணி இருக்கும். ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பதக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால்களில் ஐஸ் கட்டியிருந்தார்கள். பெர்பெத்துவா அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து, கழன்ற நகத்துக்குப் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தார்.



"கெடுத்துட்டாரு கோச்."

"ஆமா."

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்களும் காலைல சொன்னீங்க."

"சொன்னேன். தலைய தலைய ஆட்டுனாரு."

"நான் எந்திரிச்சிருப்பேன். நீங்க நம்புதீங்களா இல்லையா?"

"நம்புதேன். நீங்க எந்திரிச்சிருப்பீங்க. முப்பது நிமிசம் இருந்துச்சு. நடந்தே முடிச்சிருக்கலாம்."

ஆறுதலாக ஏதாவது பொய் சொல்லியிருந்தால் தேவலை. கோமதிநாயகம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஒரு வருடம். விடியற்காலை நாலரை மணிகள், விட்டுக்கொடுத்த பண்டிகைச் சாப்பாடுகள், நாலு நிமிடத்தை எண்ணி எண்ணி மிதித்த மிதி, எல்லாம் ஒரு வாளி மோரில் போயிற்று.

பெர்பெத்துவா அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு அடுத்த நகத்துக்குப் போனார்.

"கடைசி வரைக்கும் அவருக்குப் புரியல பாத்தீங்களா?" என்றார் கோமதிநாயகம். "இவ்வளவு செஞ்சும் அந்த மனுசனுக்குப் புரியவே இல்ல."

பெர்பெத்துவா பந்தலுக்கு வெளியே பார்த்தார். கோமதிநாயகமும் பார்த்தார். மொபெட்டின் நிழலில், மணலில், சங்கரபாண்டியன் உட்கார்ந்திருந்தார். இரண்டு உள்ளங்காலும் கொப்பளித்துச் சிவந்திருந்தன. யாரோ ஒரு பெண் மருந்து போட வந்ததற்கு, பந்தலைக் காட்டி, முதலில் அவனுக்குப் போடு என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பந்தலுக்குள் வர அவருக்கு முகமில்லை.

"முதல் சுத்துல அவரு என்ன செஞ்சாரு அண்ணாச்சி?"

"வெள்ளரிக்கா தின்னாரு. கேலி பண்ணாரு."

"ரெண்டாவது சுத்துல?"

"எந்திரிச்சு நின்னாரு." சற்று யோசித்தார். "குடைய மடக்கிட்டு வெயில்ல நின்னாரு."

"மூணாவது சுத்துல?"

கோமதிநாயகம் வெளியே அந்தக் கொப்பளித்த கால்களைப் பார்த்தார்.

பெர்பெத்துவா பஞ்சின் மேல் கட்டைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கத்தரித்தார்.

"அவருக்குப் புரியாமலே இருந்திருந்தா, கையத் தட்டிக்கிட்டு அங்கேயே நின்னிருப்பாரு அண்ணாச்சி. நீங்களும் முடிச்சிருப்பீங்க."

ஒலிபெருக்கியில் யாரோ ஒருவரின் பெயரைக் கூப்பிட்டார்கள். கோமதிநாயகம் நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். பக்கத்து மேசையிலிருந்த மருந்துக் குழாயை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து மணலில் நடந்துபோய், அத்தானின் காலடியில் உட்கார்ந்தார்.